டமாஸ்கஸ் குழல் கொண்ட பழைய இரட்டைக்குழல் துப்பாக்கிகள்: உங்கள் அனுபவம் என்ன?

லெஸ்டரிலிருந்து:
ஏலத்திற்கு முந்தைய நாள் பார்வைக்கு வைத்திருந்த ஒரு பர்மிங்காம் துப்பாக்கி இன்னும் என் மனத்தை விட்டு அகலவில்லை. குழல் விட்டம் ‘12 போர்’ (bore) அளவு, வெளியே தெரியும் சுத்தியல்கள், இரும்பையும் எஃகையும் முறுக்கி இணைத்துச் செய்த டமாஸ்கஸ் குழல்கள். குழல்களுக்கு அடியிலுள்ள முன்கட்டையைக் கழற்றிக் குழல்களைத் திருப்பியபோது, அந்த முறுக்கு வரிகளுக்கு நடுவே ‘நாட் ஃபார் பால்’ என்ற முத்திரை தெளிவாகத் தெரிந்தது. வாய் குறுகிய குழலில் ஒற்றைக் குண்டைச் சுடக் கூடாது என்னும் அந்த எச்சரிக்கையை 1875 முதல் 1887 வரைதான் பொறித்தார்கள் என்பதால், துப்பாக்கியின் காலம் உடனே விளங்கிவிட்டது. இக்காலத் தோட்டாக்களில் உள்ள புகையில்லா வெடிமருந்தைக் குழல் தாங்கும் என்று காட்டும் சோதனை முத்திரை எங்கும் இல்லை. ஆயினும் இக்காலத் தோட்டாவையே போடலாம் என்றார் விற்பவர். நான் வாங்கவில்லை. அந்தப் பேச்சை நம்பி வேறு யாரேனும் வாங்கியிருப்பாரோ என்பதே உறுத்துகிறது.

ஷ்ராப்ஷயரிலிருந்து:
அந்த முடிவை நான் ஏற்கவில்லை. குழல் நல்ல நிலையில் இருந்தால் கருமருந்து, அதாவது புகை கக்கும் பழைய வகை வெடிமருந்து, நிரப்பிய தோட்டா போட்டுச் சுட்டிருக்கலாம். நான் அப்படித்தான் சுடுகிறேன். முதன்முறை சுட்டபோது எழுந்த வெண்புகையில், குறியாக வானில் எறிந்த களிமண் தட்டு உடைந்ததா என்றே தெரியவில்லை. அருகில் நின்றவர் சொல்லித்தான் அறிந்தேன். வாங்க நினைப்பவர்கள் குழல்சுவரின் தடிமனை நீளம் முழுவதும் அளக்கச் சொல்லுங்கள், ஏனெனில் உட்புறப் பள்ளங்களைத் தேய்த்து மெருகேற்றிய குழல் பார்வைக்குப் புதிதாகவும் சுவரில் மெலிந்தும் இருக்கும். தோட்டா அறையின் நீளமும் முக்கியம். 65 மி.மீ. அறைக்குள் 70 மி.மீ. தோட்டா தடையின்றி நுழைந்துவிடும். சுடும்போதுதான் அதன் மடித்த வாய் விரிந்து, அறையைத் தாண்டிக் குறுகும் இடத்தில் நெருக்குண்டு, அழுத்தத்தை உயர்த்தும். ஐயம் இருந்தால் துப்பாக்கிக் குழல்களைச் சோதித்து முத்திரையிட 1813ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த பர்மிங்காம் சோதனைச் சாலைக்கு அனுப்புங்கள். சோதனையில் குழல் கெட்டுப்போகவும் கூடும். அதற்கு மனம் ஒப்பியே அனுப்ப வேண்டும்.

கென்டிலிருந்து:
தடிமன் மட்டும் போதாது, ஐயா. துப்பாக்கி பழுதுபார்க்கும் ஒருவர் குழல்களைத் தனியே கழற்றி, விரலில் தொங்கவிட்டு, மறுகையின் விரல்முட்டியால் தட்டிக் காட்டினார். முதல் இணை கோயில் மணிபோல நீண்டு ஒலித்தது. அதைவிட அழகாக இருந்த அடுத்த இணையிலிருந்து ‘தொப்’ என்ற ஓசைதான் வந்தது. இரு குழல்களையும் சேர்க்கும் பட்டையின் பற்றவைப்பு விட்டிருந்ததாம். அதன் அடியில் ஈரம் புகுந்தால் துரு வெளியே தெரியாமலே அரிக்கும். கருமருந்தைப் பரிந்துரைத்தவர் துப்புரவைச் சொல்லாமல் விட்டதும் சரியன்று. அதன் எச்சம் ஈரத்தை இழுப்பதால், சுட்ட அன்றே குழல்களை வெந்நீரால் கழுவி, நன்கு உலர்த்தி, எண்ணெய் பூசிவிட வேண்டும்.