நாய்க்குச் சிறுநீரகத்தில் கிருமித் தொற்று: எந்தப் பரிசோதனையில் தெரியும்?

தண்டையார்பேட்டை செல்வி:

எங்கள் பொன்னிக்கு ஏழு வயது. நாட்டு நாய், கருத்தடை செய்யவில்லை. ஐந்து நாட்களாகத் தண்ணீர், தண்ணீர் என்று அலைகிறாள். லாரித் தண்ணீர் பிடித்து வைத்த குடத்தின் மூடியைத் தள்ளிவிட்டுத் தலையை விடுகிறாள். இரவில் வராந்தாவிலேயே சிறுநீர் போய்விடுகிறாள். ஒருநாளும் அப்படிச் செய்தவள் அல்ல. சங்கரா மீனை முள் எடுத்து வைத்தேன், முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கடைசி விலா எலும்புக்குப் பின்னால் கை வைத்தால் முதுகை வில்லாக வளைக்கிறாள். நேற்று இரவு கிளினிக்கில் காய்ச்சல் 104 டிகிரி. சிறுநீர்த் தொற்று என்று ஆண்டிபயாடிக் எழுதினார்கள், பரிசோதனை எதுவும் இல்லை. மாத்திரை கையில் இருக்கிறது, இன்னும் கொடுக்கவில்லை. தொற்று சிறுநீரகம் வரை ஏறிவிட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கொருக்குப்பேட்டை லேப்காரர்:

அம்மா, இன்று காலையே கிளம்புங்கள். நான் மருத்துவன் அல்ல. பரிசோதனைக் கூடத்தில் 26 வருடம் வேலை பார்த்தவன். முதல் மாத்திரைக்கு முன்னால் சிறுநீர் எடுத்துவிட வேண்டும். என் நாய்க்கு இரண்டு நாள் மருந்து கொடுத்த பிறகு மாதிரி எடுத்தோம். கல்ச்சரில், அதாவது மாதிரியிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனையில், ஒன்றும் வளரவில்லை. எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று தெரியாமலே போயிற்று. மாதம் திரும்புவதற்குள் காய்ச்சலும் திரும்பியது.

தரையிலிருந்தோ கிண்ணத்தில் பிடித்தோ கொடுக்காதீர்கள், தோலிலுள்ள கிருமியும் சேர்ந்து வளரும். வயிற்றின் வழியாக ஊசி போட்டு நேரே சிறுநீர்ப்பையிலிருந்து எடுப்பார்கள். என் நாய்க்கு எடுத்த அன்று அந்த சிரிஞ்சை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன்: அரிசி கழுவிய தண்ணீர் போலக் கலங்கல், அடியில் நூல் நூலாக ஏதோ மிதந்தது. இன்னும் கண்ணில் நிற்கிறது.

மைக்ராஸ்கோப்பில் சீழணுக்களும் கிருமியும் தெரிந்தால் தொற்று உறுதி. ஆனால் அது சிறுநீர்ப்பையோடு நின்றிருக்கலாம். வெள்ளணுக்கள் உருளையாக ஒட்டிக்கொண்டு வந்தால், அதைக் ‘காஸ்ட்’ என்போம், அது சிறுநீரகத்திலிருந்துதான் வரும். எல்லா நாய்க்கும் தென்படாது. அதனால் ரத்தத்தில் வெள்ளணு, சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கழிவுகளான யூரியா, கிரியேட்டினின், வயிற்று ஸ்கேன் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பார்கள். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தானே. மாதிரி எடுத்த கையோடு மருந்தை ஆரம்பிக்கச் சொல்வார்கள், கல்ச்சர் முடிவு வரும்வரை காக்க வைக்காதீர்கள். வலிக்கிறதே என்று வீட்டிலிருக்கும் இபுபுரூஃபன் மட்டும் கொடுத்துவிடாதீர்கள், சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்.

பெரம்பூர் அக்கா:

செல்வி, ஊசிக்கு முன் ஸ்கேன் கேள். கருத்தடை செய்யாத பெண் நாய் அல்லவா? பருவம் முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் கருப்பையில் சீழ் பிடித்தாலும் இதே தாகம், இதே காய்ச்சல்தான். அது தெரியாமல் ஊசி போட்டால் கருப்பையில் குத்திவிடும் அபாயம் உண்டு. கடைசியாக எப்போது பருவத்துக்கு வந்தாள் என்று தேதியோடு சொல். மழைத் தண்ணீரில் நடந்தாளா, எலி பிடித்தாளா என்பதையும் மறைக்காமல் சொல். எலிக்காய்ச்சலும் சிறுநீரகத்தைத்தான் தாக்கும், நமக்கும் தொற்றும். வராந்தாவைக் கையுறை போட்டு, பிளீச்சிங் பவுடர் கரைத்துக் கழுவு.

தண்டையார்பேட்டை செல்வி:

ஐயா, அக்கா, நான்கு நாள் ஆகிறது. ஸ்கேனில் கருப்பை சுத்தமாக இருந்தது. வலது சிறுநீரகத்தின் நடுப்பள்ளம் விரிந்திருக்கிறது, தொற்று அங்கே ஏறியதற்கு அது ஓர் அடையாளம் என்று திரையில் காட்டினார்கள். கிரியேட்டினின் 2.1, இருக்க வேண்டியதைவிட அதிகம். எலிக்காய்ச்சல் பரிசோதனையில் ஒன்றும் இல்லை. நேற்று வந்த கல்ச்சரில் ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியா. முதலில் எழுதிய மாத்திரைக்கு அது கட்டுப்படாதாம், மருந்தை மாற்றிவிட்டார்கள். மொத்தம் இரண்டு வாரம் கொடுக்க வேண்டும். இன்று உடல் சூடு 102, நாய்க்கு அது இயல்புதானாம். அரைக் கிண்ணம் தயிர்சாதம் சாப்பிட்டாள். மருந்து முடிந்ததும் மறுபடி கல்ச்சர் செய்ய வேண்டுமா, ஐயா?

கொருக்குப்பேட்டை லேப்காரர்:

செய்யுங்கள் அம்மா. முடித்த அன்றே வேண்டாம், ஒரு வாரம் கழித்து. கிரியேட்டினினையும் அன்றே பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீர்க் கிண்ணத்தை மட்டும் எப்போதும் நிரப்பி வையுங்கள், இரவில் நனைக்கிறாளே என்று எடுத்துவிடாதீர்கள்.