மலையை விட்டு இறங்கிய பெரியவர்கள்: உங்கள் வீட்டு அனுபவம் என்ன?

கோத்தகிரிக்காரன்:
பெரியப்பா விஷயம் மனதை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. தேயிலை, மாடு, சந்தை என்று எழுபதைத் தாண்டியும் ஓடிக்கொண்டிருந்தவர். மகன் கோயம்புத்தூரில் ஃபிளாட் வாங்கி அழைத்துப் போனான். லிஃப்ட், சோபா, டிவி. அண்மையில் ஒரு சாவுக்கு ஊருக்கு வந்தார். பாயில் உட்கார்ந்தார், சரி. எழத்தான் முடியவில்லை. கையை ஊன்றிப் பார்த்தார், முட்டி போட்டுப் பார்த்தார். பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் நாற்காலியைப் பிடித்தால் அது வழுக்கிக்கொண்டு போகிறது. யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்த்தார். நான் பார்த்துவிட்டேன்.

குன்னூர் மருமகள்:
கீழே போனதால்தான் என்கிறீர்களா? என் மாமியார் மலையை விட்டு இறங்கியதே இல்லை. குளிரில் தாகம் தெரியாது, வயதானால் இன்னும் குறைந்துவிடும். ராத்திரி பனியில் வெளியே கக்கூசுக்குப் போகணுமே என்று சாயங்காலத்துக்கு மேல் தண்ணீரே தொடமாட்டார். நான் கொடுத்த டம்ளரை ஜன்னல் வழியாகப் பூந்தொட்டியில் கவிழ்ப்பதை ஒருநாள் பார்த்தேன். செடி ஜம்மென்று இருந்தது. அவர்தான் விடிகாலையில் தலைசுற்றி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார்.

ஊட்டி வாத்தியார்:
மருமகளே, அது வேறு கதை, அவர் சொன்னது தசை. என் அப்பா சேரிங் கிராஸிலிருந்து பொட்டானிக்கல் கார்டன் வரை தினமும் நடப்பவர், ஆனாலும் கேஸ் சிலிண்டரை நகர்த்த முடியாமல் நின்றார். நடை மட்டும் போதாது. 65 வயதுக்கு மேல் வாரம் 150 நிமிஷமாவது மிதமான உடலுழைப்பு, கூடவே 3 நாளாவது வலுவுக்கும் தடுமாறாமல் நிற்பதற்கும் பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கையை ஊன்றாமல் எழுந்து உட்காரச் சொல்லுங்கள். எந்த வயதிலும் வலு கூடும். சாப்பாட்டையும் பாருங்கள். ராத்திரிக்கு வர்க்கியும் டீயும் என்றால் தசைக்கு எங்கிருந்து வரும்? அவரை, பருப்பு, முட்டை, பால் ஏதாவது வேண்டும். உப்பு நாளைக்கு 5 கிராமுக்குள். குளிரில் ரத்தக்குழாய் சுருங்கி பிரஷர் ஏறும், ஊறுகாயும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். தண்ணீரைப் பகலிலேயே குடித்துவிட வேண்டும். பிரஷர் மாத்திரை சிறுநீரைக் கூட்டுகிற வகையா, எப்போது போடலாம் என்று டாக்டரிடம் கேளுங்கள். அப்புறம் பீடி...

கோத்தகிரிக்காரன்:
சார், நான் வைத்தியம் கேட்கவில்லை. பெரியப்பா ஊருக்கே வந்துவிடுகிறேன் என்கிறார். மகன் விடமாட்டேன் என்கிறான்.

குன்னூர் மருமகள்:
கூட்டி வாருங்கள் அண்ணா. ஆனால் முதலில் கக்கூஸை வீட்டுக்குள்ளே கட்டுங்கள்.