வீட்டுச் சோதனை, போன் பறிமுதல், தேர்தல் நேரத்துல பிடிபடற காசு: விவரம் தெரிஞ்சவங்க எழுதுங்க (கோவை, ஈரோடு, திருப்பூர் பக்கம்)

நொய்யல்கரையான்

"வாரண்ட் எங்கே?"ன்னு கதவை மறிச்சு நிக்கறதைத்தான் எல்லாரும் முதல்ல பண்றாங்க. அதுல பிரயோசனம் கம்மிங்க. வழக்குப் பதிவாகி விசாரணை நடந்துட்டிருந்தா, பி.என்.எஸ்.எஸ். (புது குற்ற நடைமுறைச் சட்டம்) 185-ன்படி (பழைய சி.ஆர்.பி.சி. 165) விசாரணை அதிகாரி வாரண்ட் இல்லாமலே வரலாம். ஆனா வர்றதுக்கு முன்னாடி அவர் கேஸ் டைரியில எழுதியிருக்கோணும்: என்ன பொருளைத் தேடறாரு, அது இந்த வீட்டுல இருக்கும்னு ஏன் நம்பறாரு, வாரண்ட் வாங்கற வரைக்கும் ஏன் பொறுக்க முடியாதுன்னு. அந்தப் பதிவோட நகல் 48 மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்திரேட்டுக்குப் போகோணும். வீட்டுக்காரர் மனுப் போட்டா அதோட நகல் அவருக்கும் இலவசமாக் கிடைக்கும். இந்த மனுவைப் போடறவங்க ரொம்பக் கம்மி.

அதனால வாசல்ல கேட்கவேண்டியது: எந்த ஸ்டேஷன், குற்ற எண் என்ன, எந்தப் பிரிவு, எதைத் தேடறீங்க. இன்ஸ்பெக்டர் வராம கீழ இருக்கறவரை அனுப்பியிருந்தா, இடத்தையும் பொருளையும் குறிச்ச எழுத்துப்பூர்வமான உத்தரவு அவர் கையில இருக்கோணும். குரலை உயர்த்தாமக் கேளுங்க. கையைக் காலை வெச்சுத் தடுத்தா பி.என்.எஸ். (ஐ.பி.சி.-க்குப் பதிலா வந்த தண்டனைச் சட்டம்) 132, 221-ன்னு புதுசா ஒரு வழக்கு வந்து உட்கார்ந்துக்கும்.

இன்னொரு தப்புக் கணக்கு: சோதனை முறைகேடா நடந்தா கேஸே போயிரும்னு நினைக்கறது. இங்கிலீஷ் படத்துல போகும். இங்க பூரண்மல் வழக்குல 1974-லயே உச்ச நீதிமன்றம் சொல்லிருச்சு, சோதனை சட்டவிரோதம்ங்கிற ஒரே காரணத்துக்காகக் கிடைச்ச பொருளைச் சாட்சியத்துல இருந்து தள்ள முடியாதுன்னு. அப்புறம் குறுக்கு விசாரணையில கைகொடுக்கறது மகஜர்தானுங்க, அதாவது சோதனையப்ப சாட்சிகளை வெச்சு எழுதற பதிவு. அதுல என்ன எழுதியிருக்கு, என்ன விட்டுப்போயிருக்குன்னுதான் வக்கீல் பார்ப்பாரு.

கோபி கோர்ட்டு வாசல்

அண்ணன் சொன்னது சரிங்க. மகஜரைப் பத்திச் சித்தெ விரிவாச் சொல்லிடறேன்.

பி.என்.எஸ்.எஸ். பிரிவு 103 (பழைய 100) அந்தப் பகுதியில குடியிருக்கற ரெண்டு பேரையாவது, சுயேச்சையானவங்களா, மரியாதைப்பட்டவங்களா, சாட்சிக்குக் கூப்பிடச் சொல்லுது. நம்ம பக்கம் சாளையெல்லாம் (தோட்டத்து வீடு) தோட்டத்துக்கு நடுவுல தனித்தனியா இருக்கும். அடுத்த சாளைக்கே அரை கிலோமீட்டர். போலீஸ் வழக்கமாக் கூட்டிட்டு வர்ற ரெண்டு பேரும் இருபது கிலோமீட்டர் தள்ளி டீக்கடை வெச்சிருக்கறவங்களா இருப்பாங்க. பக்கத்துல யாரும் இல்லைன்னாலோ, வர மறுத்தாலோ வெளியாளைக் கூப்பிடலாம்னு அதே பிரிவுல இருக்குது. ஆனா பக்கத்துத் தோட்டத்துக்காரரைக் கூப்பிட்டாங்களா, அவர் மறுத்தாரான்னு மகஜர்ல ஒரு வரி இருக்கோணும். அந்த வரி இல்லைன்னா சாட்சிக் கூண்டுல அதிகாரி திணறுவாரு. எழுத்துல கூப்பிட்ட பிறகும் காரணம் இல்லாம வர மறுக்கறது குற்றம்ங்கறதையும் அக்கம்பக்கத்தாருக்குச் சொல்லி வையுங்க.

சோதனை நடக்கறப்ப வீட்டுக்காரர் கூட இருக்கறதுக்கு உரிமை இருக்குது. ஆறு போலீஸ் ஒட்டுக்கா ஆறு அறைக்குள்ள போனா எதையும் கவனிக்க முடியாது. ஒவ்வொரு அறையாப் பாருங்கன்னு பணிவாக் கேளுங்க, பெரும்பாலும் ஒத்துக்குவாங்க. பெண்களை ஒரு பெண்தான் சோதிக்கோணும், இதுல பேச்சே இல்லை.

பட்டியல்ல "செல்போன் 1", "ரொக்கம்", "நகை"ன்னு மொட்டையா எழுதவிடாதீங்க. ரொக்கம்னா 500 ரூபாய்த் தாள் எத்தனை, 200 எத்தனை. நகைன்னா உருப்படி, எடை, எந்தத் தராசுல போட்டாங்க. எந்த அறை, எந்த பீரோ, எந்தத் தட்டு. தொடங்கின நேரம், முடிஞ்ச நேரம். சீல் வெச்சாங்களா, எந்த சீல். சாட்சிகள் கையெழுத்துப் போட்ட பட்டியல் நகலை அங்கேயே வாங்கிக்கோங்க. "ஸ்டேஷனுக்கு வந்து வாங்கிக்குங்க"ன்னு சொல்றதுதான் அதிகம் நடக்கற கோளாறு. ஸ்டேஷன்ல கிடைக்கற நகல், வீட்டுல எழுதின தாள்தானான்னு யார் சொல்றது? கையெழுத்துக் கேட்டா "நகல் பெற்றுக்கொண்டேன்"னு எழுதி நேரத்தையும் போடுங்க. வெத்துத் தாள்ல கையெழுத்துக் கேட்டா, யார் கேட்டாலும் மறுத்துருங்க.

பெருந்துறை அக்கா

தம்பி, வீடியோ சங்கதியை விட்டுட்டீங்க. 2024 ஜூலை 1-ல இருந்து பிரிவு 105 (அதே பி.என்.எஸ்.எஸ்.) நடைமுறையில இருக்குது. சோதனை, பறிமுதல், பட்டியல் எழுதறது, சாட்சி கையெழுத்துப் போடறது, எல்லாத்தையும் ஆடியோ-வீடியோவாப் பதிஞ்சு மாஜிஸ்திரேட்டுக்குத் தாமதமில்லாம அனுப்போணும். நடுவுல கேமராவை நிறுத்தினா அந்த நேரத்தைக் குறிச்சு வெச்சுக்குங்க. நாமளும் போனை நீட்டிப் படம் பிடிக்கப் போனா முதல்ல அந்தப் போன்தான் பட்டியல்ல ஏறும். வீட்டு சிசிடிவி அது பாட்டுக்கு ஓடட்டும்.

பனியன் கம்பெனி கணக்கர்

திருப்பூர் ஆபீசுகள்ல வர்ற சிக்கல் வேறங்க. சிசிடிவி பதிவாகற டி.வி.ஆர். பெட்டியைத் தூக்கிட்டுப் போயிருவாங்க. அதுல ஓடற கடிகாரமும் உண்மையான நேரமும் ஒத்துப்போறதே அபூர்வம், பத்து நிமிஷம் இருபது நிமிஷம் தள்ளி ஓடும். அந்த வித்தியாசத்தை மகஜர்லயே எழுதச் சொல்லுங்க. ஹார்ட் டிஸ்க்கோட சீரியல் நம்பரும் வேணும். பெட்டி நம்பர் மட்டும் இருந்தா உள்ள இருக்கற டிஸ்க் எதுன்னு பின்னாடி நிரூபிக்க முடியாது. ஹாஷ் வேல்யூ (உள்ள இருக்கற பதிவு பின்னாடி மாறலைன்னு காட்டற எண்) எடுத்தாங்களான்னு கேளுங்க. பி.எஸ்.ஏ. (புது சாட்சியச் சட்டம்) 63(4) சான்றிதழ்ல அதுக்குத் தனி இடமே இருக்குது.

போன்னா ரெண்டு ஐ.எம்.இ.ஐ. எண், சிம், மெமரி கார்டு, ஆன்ல இருந்துச்சா ஆஃப்ல இருந்துச்சா. இது போதும்.

பாஸ்வேர்டு? உச்ச நீதிமன்றம் இன்னும் முடிவாச் சொல்லலை. 2021-ல விரேந்திர கன்னா வழக்குல கர்நாடகா ஹைகோர்ட், போலீஸ் தானாக் கட்டாயப்படுத்த முடியாது, கோர்ட்டுக்குப் போகோணும்னு சொல்லுச்சு. கோர்ட் சொன்னாக் கொடுக்கத்தான் வேணும்னும் சேர்த்தே சொல்லுச்சு. டெல்லியில சி.பி.ஐ. தனி நீதிமன்றம் 2022-ல, பாஸ்வேர்டைச் சொல்லவைக்கறது தனக்கு எதிராத் தானே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக்கூடாதுங்கற அரசியல் சாசனம் 20(3)-க்கு விரோதம்னு சொல்லுச்சு. ரெண்டுமே சென்னை ஹைகோர்ட்டைக் கட்டுப்படுத்தாது. 2017-ல உச்ச நீதிமன்றத்துல ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு சொன்னதுதான் வாதத்துக்கு அஸ்திவாரம். அவினாசி ரோட்டுல வண்டியை நிறுத்தி வாட்ஸ்அப்பைத் திறந்து காட்டச் சொன்னா, என்ன வழக்கு, என்ன குற்ற எண்ணுன்னு கேட்கறது நியாயம்தான்.

"கணக்குப் புத்தகத்தைக் கொண்டு வா"ன்னு வர்ற நோட்டீஸ் (பிரிவு 94, பழைய 91) சாட்சிக்குச் செல்லும். அதைக் குற்றம்சாட்டப்பட்டவருக்கு அனுப்ப முடியாதுன்னு 1965-லயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்குது, ஷியாம்லால் சோக்சி வழக்கு. நோட்டீஸ் கைக்கு வந்ததும் அதுல உங்களை யாரா வெச்சிருக்காங்கன்னு பாருங்க.

கருங்கல்பாளையம் சந்தை

தேர்தல் அறிவிச்சுட்டா மாட்டு வியாபாரி, மஞ்சள் மண்டிக்காரர், ஜவுளிக்காரர் எல்லாருக்கும் அக்கப்போருங்க. "50,000-க்கு மேல கொண்டு போகக்கூடாது"ன்னு ஊரே பேசும். தேர்தல் ஆணைய நடைமுறையைப் படிச்சுப் பாருங்க. வேட்பாளர், ஏஜென்ட், கட்சிக்காரர் போற வண்டி, இல்லைன்னா பிரசாரப் பொருள் ஏத்தின வண்டி, அதுல 50,000-க்கு மேல இருந்தாத்தான் பறிமுதல்னு இருக்குது. பத்து லட்சத்துக்கு மேல இருந்து, குற்றச் சந்தேகமோ கட்சித் தொடர்போ இல்லைன்னா, பறிக்காம வருமான வரித் துறைக்குத் தகவல் சொல்லோணும். நடைமுறையில எல்லாரையும் ஒரே தராசுலதான் நிறுக்கறாங்க.

அதனால பேங்க் சீட்டு, மண்டிப் பட்டியல், மாடு வித்த ரசீது மூணையும் காசோட ஒரே பையில வையுங்க. போன்ல இருக்கற படத்தைக் காட்டினா அங்க வாதம்தான் நீளும். பறிச்சுட்டா ரசீதுல அப்பீல் எங்கேன்னு எழுதியிருக்கோணும். மாவட்டத்துல மூணு அதிகாரிகள் கொண்ட குறைதீர்க் குழு இருக்குது. எஃப்.ஐ.ஆர். போடாத காசை அது தானாவே பரிசீலிச்சு விடுவிக்கோணும், வாக்குப்பதிவு முடிஞ்சு 7 நாளுக்கு மேல இழுக்கக்கூடாது. அடுத்த நாளே ஆவணத்தோட மனுக் கொடுக்கறவங்களுக்குச் சந்தை தவறாமக் காசு திரும்புது. "தேர்தல் முடியட்டும்"னு உட்கார்ந்தா ஒரு போகமே போயிரும்.

கோபி கோர்ட்டு வாசல்

பொருளைத் திரும்ப வாங்கறதையும் சேர்த்துடறேன். பறிமுதலை உடனே மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்கோணும்னு பி.என்.எஸ்.எஸ். 106(3) சொல்லுது. வண்டி ஸ்டேஷன் வேப்பமரத்தடியில துருப்பிடிக்க வேண்டியதில்லைன்னு 2002-ல சுந்தர்பாய் தேசாய் வழக்குல உச்ச நீதிமன்றம் சொல்லிருச்சு. திரும்பக் கேட்கற மனு அதே சட்டத்துல 497 இல்லைன்னா 503-ல. ஆர்.சி., இன்சூரன்ஸ், மகஜர் நகல், ஜாமீன் பத்திரம், விக்க மாட்டேன், உருவம் மாத்த மாட்டேன்னு உறுதிமொழி, நாலு பக்கமும் எடுத்த போட்டோ. இன்சூரன்ஸ் காலாவதி ஆயிருந்தா முதல்ல அதைப் புதுப்பிச்சுட்டு வாங்க, பாதி மனு அங்கதான் நிக்குது. மதுவிலக்கு வழக்குல மாட்டின வண்டிக்கு அரசுடைமை ஆக்கற தனி வழி இருக்குது, அதுக்கு இந்த மனு மட்டும் போதாதுங்க.