கவுன்சிலிங் சமயத்தில் சந்தித்த ஆட்கள்: உங்களுக்கு யார் ஞாபகம்?

கரிசல்காட்டான்

இன்ஜினியரிங் கவுன்சிலிங் என்றாலே எனக்கு எங்கள் ஊர் பிரவுசிங் சென்டரில் இருந்த நீள நோட்டுதான் ஞாபகம் வரும். வரவு செலவு எழுதுகிற நோட்டு. பெயர், கட் ஆஃப், விண்ணப்ப எண், பாஸ்வேர்டு, மொபைல் எண் என்று பத்தி பத்தியாகக் கோடு போட்டிருந்தார்கள். கடைசிப் பத்திக்கு மட்டும் தலைப்பு இல்லை, அதில் சிவப்பு மையில் எழுத்து.

வருடம் 2022. எனக்குக் கட் ஆஃப் 200க்கு 171. எந்தக் கல்லூரி, எந்தப் பாடம் வேண்டும் என்று வரிசையாகப் பட்டியல் போடுகிற சாய்ஸ் ஃபில்லிங்குக்குப் போனேன். "லிஸ்ட் எல்லாம் நம்மகிட்ட ரெடியா இருக்கு தம்பி. பாஸ்வேர்டை எழுதிட்டு நீ வீட்டுக்குப் போ, ராத்திரி நான் ஏத்திடுதேன்" என்றார் அண்ணாச்சி. எழுதுவதற்காக நோட்டை என் பக்கம் திருப்பினார். எனக்கு மேல் வரியில் ஒரு பெண், கட் ஆஃப் 189. மொபைல் எண் இருக்க வேண்டிய இடத்தில் கடை போர்டில் இருக்கும் அதே எண். சிவப்பு மையில் ஒரு தனியார் கல்லூரியின் பெயர். அதற்கு மேலே இருந்தவர்களுக்கும் அதே பெயர்தான். 120 எடுத்தாலே இடம் கிடைக்கிற கல்லூரி அது.

அவளுடைய அப்பா பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். "மாமா, உங்க நம்பரைக் கொடுக்கலையா?" என்று கேட்டேன். "நம்மகிட்ட இருக்கது பட்டன் போன். ஓ.டி.பி. வந்தா எனக்குப் பாக்கவும் தெரியாது. எல்லாம் அண்ணாச்சி பாத்துக்கிடுவாக" என்று சிரித்தார். அண்ணாச்சியும் சிரித்தார். நான் இன்னொரு தடவை, கொஞ்சம் சத்தமாகவே கேட்டேன். "படிச்ச பிள்ளை, எல்லாத்துலயும் சந்தேகம்" என்று அண்ணாச்சி என் முதுகில் தட்டினார். எழுதாமல் எழுந்து வந்துவிட்டேன். அந்தப் பெண் எங்கே சேர்ந்தாள் என்று இன்றுவரை தெரியாது.

பொன்வண்டு

நீங்களெல்லாம் ஆன்லைன் காலத்துப் பிள்ளைகள். 2018க்கு முன்னால் சென்னை கிண்டியில் இருக்கிற அண்ணா பல்கலைக்கழகத்துக்கே நேரில் போக வேண்டும். அழைப்புக் கடிதத்தைக் காட்டினால் அரசுப் பேருந்தில் பாதிக் கட்டணம். நானும் அப்பாவும் புதுக்கோட்டையிலிருந்து அப்படித்தான் போனோம், 2008இல். நுழைவுத் தேர்வை எடுத்த மறுவருடம். வாசலில் கால் வைப்பதற்குள் கைநிறைய நோட்டீஸ். "ஹாஸ்டல் ஃப்ரீ, லேப்டாப் ஃப்ரீ" என்று கத்திக்கொண்டே வருவார்கள்.

எனக்கு மெக்கானிக்கல்தான் வேண்டும், அதுவும் காரைக்குடி அரசுக் கல்லூரியில். அப்பாவுக்குத் திருச்சி பக்கம் ஏதாவது தனியார் கல்லூரியில் ஐ.டி. சென்னை வரைக்கும் இதே பேச்சு. உள்ளே கம்ப்யூட்டர் முன்னால் ஒரு மேடம். காரைக்குடி மெக்கானிக்கலில் எங்கள் பிரிவுக்கு 1 என்று காட்டியது. அப்பா ஆரம்பித்தார்: "பொம்பளப் புள்ள, பட்டறையில எப்படி மேடம் நிக்கும்?" மேடம் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டு, "சார், பொண்ணு சொல்லட்டும்" என்றார். அப்பா விடவில்லை. அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே அந்த 1, 0 ஆனது. பக்கத்து மேஜையில் யாரோ எடுத்துவிட்டார்கள்.

மேடம் என்னைத்தான் பார்த்தார். "காரைக்குடி போச்சும்மா. சேலம் அரசுக் கல்லூரியில ரெண்டு இருக்கு." அப்பா வாயைத் திறப்பதற்குள் "போடுங்க மேடம்" என்றேன். கோயம்பேட்டில் பஸ் ஏறும் வரைக்கும் அப்பா பேசவில்லை. பஸ் கிளம்பிய பிறகு, "சேலத்துக்கு நம்ம ஊர்ல இருந்து நேர் பஸ் இருக்கா?" என்று மட்டும் கேட்டார். அந்த மேடத்தின் பெயர்கூட எனக்குத் தெரியாது.

கட்ஆஃப்_கணக்கன்

எனக்குப் பெரிய கதையெல்லாம் இல்லை. அண்ணன் மகனுக்கு நான்தான் லிஸ்ட் போட்டேன், நல்ல கல்லூரி கிடைத்தது, அவ்வளவுதான்.

ஆனால் கரிசல் தம்பி, பிரவுசிங் சென்டரைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? மாவட்டம்தோறும் அரசே சேவை மையம் வைத்திருக்கிறது. அங்கே போனால் உதவிக்குத் தனியாகக் காசு வாங்காமல் பதிவு செய்து தருவார்கள். அங்கே போகாமல் கடைக்குப் போவது யார் தப்பு?

இந்த வருடம் எழுதுகிற பிள்ளைகள் படிக்கட்டும் என்று சொல்கிறேன். கணக்கில் 100, இயற்பியலில் 50, வேதியியலில் 50, ஆக 200. இது எல்லாருக்கும் தெரியும். தெரியாதது என்னவென்றால், லிஸ்டில் வரிசைதான் எல்லாமே. உங்கள் ரேங்க் வரும்போது கம்ப்யூட்டர் உங்கள் பட்டியலை மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வரும். முதலில் எது காலியாக இருக்கிறதோ அதைக் கொடுத்துவிட்டு நின்றுவிடும், அதற்குக் கீழே எட்டிக்கூடப் பார்க்காது. அதனால் கிடைக்காது என்று தோன்றினாலும் ஆசைப்பட்டதை மேலே போடுங்கள், ஒரு நஷ்டமும் இல்லை. எத்தனை வேண்டுமானாலும் போடலாம் என்றிருக்கும்போது பத்தோடு நிறுத்துகிற பிள்ளைகளைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

போன வருடக் கட் ஆஃபைப் பார்க்கும்போது உங்கள் வகுப்புப் பிரிவின் பத்தியைப் பாருங்கள், பொதுப் பிரிவை இல்லை. அதையும்விட ரேங்க்கைப் பாருங்கள். 2021இல் கொரோனாவால் பொதுத்தேர்வே நடக்கவில்லை, மார்க்கைக் கணக்குப் போட்டுக் கொடுத்தார்கள். அந்த வருடக் கட் ஆஃபை வைத்துக்கொண்டு இப்போது லிஸ்ட் போட்டால் உருப்படாது. கல்லூரியைப் பெயரால் தேடாமல் நாலு இலக்கக் குறியீட்டால் தேடுங்கள். கோவையில் ஜி.சி.டி. 2005, பி.எஸ்.ஜி. 2006, சி.ஐ.டி. 2007. ஒரு எண் மாறினால் வேறு கல்லூரிக்குப் போய்விடுவீர்கள். எஸ்.எஸ். என்று போட்டிருந்தால் சுயநிதிப் பிரிவு, கட்டணம் வேறு. கிடைத்ததை வைத்துக்கொண்டு மேலே உள்ளதற்குக் காத்திருக்கிறேன் என்று 'அப்வர்ட்' கொடுத்தால், மேலே கிடைத்த நிமிடமே பழைய இடம் போய்விடும். திரும்பக் கேட்க முடியாது. அப்புறம், சேருவதற்கு முன்னால் அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடும் தேர்ச்சி விகிதத்தைப் பாருங்கள்.

கரிசல்காட்டான்

கணக்கன் அண்ணே, சேவை மையம் இலவசம்தான். எங்கள் ஊரிலிருந்து ரெண்டு பஸ் மாறிப் போகணும். அந்தப் பெண்ணின் அப்பாவுக்கு அன்றைய கூலி போகும். போய்விட்டு, சர்வர் வேலை செய்யவில்லை என்று திரும்பி வந்தவர்களையும் எனக்குத் தெரியும். யார் தப்பு என்று நான் கேட்கவே இல்லை.

நொய்யல்

தேர்ச்சி விகிதத்தைப் பார் என்று சொல்லியிருக்கிறார்கள். தன்னாட்சிக் கல்லூரிகள் அந்தப் பட்டியலில் வராது, அவர்கள் தேர்வை அவர்களே நடத்திக்கொள்கிறார்கள். நானும் இப்படி இணையத்திலேயே எல்லாம் பார்த்துவிட்டு, கடைசியில் ஒரு கல்லூரிக்கு நேரில் போனேன். பெயர் வேண்டாம். ஏ.ஐ. அண்ட் டேட்டா சயின்ஸ் அப்போது புதிதாக ஆரம்பித்திருந்தார்கள், அதைத்தான் முதல் சாய்ஸாக வைத்திருந்தேன்.

வரவேற்பில் மாமாவுக்கும் எனக்கும் ரோஸ் மில்க் கொடுத்தார்கள். ஏ.சி. அறையில் பெரிய திரையில் படம் போட்டுக் காட்டினார்கள். ஏ.ஐ. லேப் பார்க்கணும் என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டு ஒரு லேப் அட்டெண்டரோடு அனுப்பினார்கள். கதவில் பளபளவென்று புது ஸ்டிக்கர். அதன் ஒரு ஓரம் உரிந்து, அடியில் பழைய பெயின்டில் 'கேட் லேப்' (கம்ப்யூட்டரில் இயந்திரப் படம் வரைகிற லேப்) என்று பாதி தெரிந்தது. மெக்கானிக்கலுக்கு ஆள் வராததால் அந்த அறையையே இதற்குக் கொடுத்துவிட்டார்கள். உள்ளே சுவரில் கியர் படம் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.

மாமா போன் பேச வெளியே போனார். அட்டெண்டர் மெதுவாக, "கட் ஆஃப் என்ன கண்ணு?" என்றார். "178ங்க." அவர் கதவைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். "அப்புறம் எதுக்குங்க இங்க வந்தீங்க?" அவ்வளவுதான். மாமா வந்ததும், "எல்லாம் புது சிஸ்டங்க சார்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு ஃபேனை நிறுத்தினார். அன்று ராத்திரி லிஸ்டை மாற்றிவிட்டேன். எனக்கு அப்படிச் சொன்னது வெளியே தெரிந்தால் அவர் வேலை என்ன ஆகும் என்று நினைத்துக்கொள்வேன்.

கட்ஆஃப்_கணக்கன்

பெயர் மாற்றிய லேப் எல்லாக் கல்லூரியிலும் இருக்கும். முதல் வருடம் அந்த லேப் பெரிதாகத் தேவைப்படாது. ஆசிரியர்கள் யார், எத்தனை பேர் என்று கேட்டிருக்க வேண்டும்.

நொய்யல்

கேட்டேன் சார். ரோஸ் மில்க் இன்னொன்று வேணுமா என்று கேட்டார்கள்.

ஒரு அம்மா, தஞ்சாவூர்

இங்கே எல்லாரும் இன்ஜினியரிங் பற்றியே பேசுகிறீர்கள். என் மகன் கணினி அறிவியல் குரூப்பில் நல்ல மார்க் எடுத்துவிட்டு பி.ஏ. வரலாறு என்றான். அரசுக் கலைக் கல்லூரிகளுக்கு ஆன்லைனில் ஒரே விண்ணப்பம். 48 ரூபாயும் பதிவுக்கு 2 ரூபாயும் கட்டினோம், அஞ்சு கல்லூரி வரை தேர்ந்தெடுக்கலாம். அவன் அஞ்சிலும் வரலாற்றையே போட்டான். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

சேர்க்கை நாளில் அலுவலகத்தில் ஒரு பெரியவர். மார்க் ஷீட்டைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். அவனிடம் கேட்காமல் என்னிடம், "ஏம்மா, வீட்டுல ஏதாவது கஷ்டமா?" என்றார். இல்லைங்க, அவனாகத்தான் கேட்டான் என்றேன். "பி.காம்.ல ஒரு இடம் இருக்கு, மாத்தித் தரட்டுமா?" இல்லைங்க. பின்னால் நின்ற ஒரு அப்பா, "கொடுக்கிறதை வாங்கிக்கம்மா" என்றார். வரிசையில் இருந்த அத்தனை பேரும் எங்களையே பார்த்தார்கள். என் மகன் முன்னால் வந்து, "சார், கல்வெட்டு படிக்கணும்" என்றான். பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. ரசீதை எழுதிக் கையில் கொடுக்கும்போது, "பெரிய கோயில் சுவரு பூரா இருக்கே" என்றார்.

கிண்டல் பண்ணினாரா, மெச்சினாரா என்று வீட்டில் இன்னும் சண்டை. கிண்டல் என்கிறார் என் வீட்டுக்காரர். பையன் இப்போது இரண்டாம் வருடம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் நோட்டை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போய்விடுகிறான்.

கட்ஆஃப்_கணக்கன்

அம்மா, வரலாறு எடுத்தவர்களுக்கு டி.என்.பி.எஸ்.சி.யில் நல்ல வாய்ப்பு இருக்கிறது. இப்போதே குரூப் 2க்குப் படிக்கச் சொல்லுங்கள். ஆறாம் வகுப்பு முதல் பள்ளிப் பாடப் புத்தகங்களை வரிசையாக எடுத்து, வாரத்துக்கு ஒன்று என்று திட்டம் போட்டு...

ஒரு அம்மா, தஞ்சாவூர்

சொல்கிறேன் தம்பி. அவன் கேட்பான் என்று தோன்றவில்லை.