சாஃப்ட் டாப் ஜிப்ஸிக்கு ஃபைபர் ஹார்டு டாப்: பின் மூலையில் விரல் நுழையும் இடைவெளி

முதுநகர்_ஜிப்ஸி:

எல்லோருக்கும் வணக்கம். என்னுடையது 2009 மாடல் மாருதி ஜிப்ஸி கிங் ஜீப், கேன்வாஸ் டாப், அதாவது துணிக் கூரை. வீடு கடலூர் முதுநகரில், துறைமுகம் நடக்கிற தூரம்தான். ஐப்பசி பிறந்துவிட்டால் கேன்வாஸ் காய நேரமே கிடைப்பதில்லை, போன வருடம் உள்பக்கம் முழுக்கப் பூஞ்சை பிடித்துவிட்டது. அதனால் கோயம்புத்தூரில் ஒருவரிடம் பழைய ஃபைபர் டாப் ஒன்று வாங்கி வந்திருக்கிறேன். மழை முடியும்வரை இதை மாட்டிக்கொண்டு, தை பிறந்ததும் கழற்றிவிட்டுக் கேன்வாஸ் போடலாம் என்பது எண்ணம். சில்வர் பீச்சுக்குத் திறந்த வண்டியில் போவதென்றால் என் மகளுக்கு உயிர், அதை நிறுத்த மனம் வரவில்லை.

நேற்று நாலு பேர் சேர்ந்து தூக்கி வைத்துப் பார்த்தோம். முன்னால் கண்ணாடி ஃபிரேம் மேல் அழகாக உட்காருகிறது, இடதுபக்கமும் சரி. ஆனால் பின்னால் வலது மூலை மட்டும் தூக்கிக்கொண்டு நிற்கிறது, சுண்டுவிரல் தாராளமாக உள்ளே போகிறது. பட்டறையில் கேட்டால், போல்ட்டைப் போட்டு இறுக்கினால் தானாக இறங்கிவிடும், மிச்சத்துக்கு சிலிகான் அடித்துவிடலாம் என்கிறார்கள். செய்யலாமா? யாராவது மாட்டியவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

உப்பளம்_வண்டி:

தம்பி, தயவுசெய்து இறுக்காதீர்கள். நான் புதுச்சேரியில் இதே வேலையைச் செய்து பட்டவன். ஃபைபர் தகரம் மாதிரி வளைந்து கொடுக்காது. போல்ட் இழுக்கிற இழுப்பில் முதலில் ஒன்றும் தெரியாது, ரெண்டு மாதம் குண்டும் குழியுமான ரோட்டில் ஓடிய பிறகு ஓட்டையைச் சுற்றி நட்சத்திரம் மாதிரி மெல்லிய வெடிப்பு விடும், அது வழியாகத் தண்ணீர் இறங்கும். என் டாப்பில் மூன்று ஓட்டைகள் அப்படித்தான் போயின.

அப்புறம் சிலிகான். ஹார்டுவேர் கடையில் சாதாரணமாகக் கிடைப்பதைப் பிதுக்கினால் வினிகர் வாசனை வரும் பாருங்கள், அது காயும்போது அசிட்டிக் அமிலம் விடுகிறது. பெயின்ட் உரிந்த இரும்பில் பட்டால் துருவைக் கூப்பிட்டு உட்காரவைத்த மாதிரி. நமக்கு உப்புக்காற்று ஏற்கெனவே போதும். அதுவும் நீங்கள் வருடா வருடம் கழற்றப்போகிறவர், ஒட்டிவிட்டால் எப்படிக் கழற்றுவீர்கள்? ஒட்டுகிற எதுவும் வேண்டாம், நல்ல ஈ.பி.டி.எம். ஸ்பாஞ்சு ரப்பர் பீடிங் (கதவு விளிம்பில் இருக்குமே, அந்த மாதிரி ரப்பர் பட்டை) போதும். ஆனால் பீடிங் ரெண்டு மூன்று மில்லிமீட்டர் ஏற்ற இறக்கத்தைத்தான் தாங்கும், ஒரு விரல் இடைவெளியை அது மூடாது. முதலில் மூலையைச் சரிசெய்யுங்கள்.

டாப்பை வைப்பதற்கு முன்னால் பாடியின் விளிம்பைச் சுற்றிக் கையால் தடவிப் பாருங்கள். கேன்வாஸ் மூடியிருந்த இடத்தில்தான் துரு ஒளிந்திருக்கும். கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, எபாக்சி பிரைமர் அடித்து, பெயின்ட் காய்ந்த பிறகு மேலே போங்கள்.

ஃபைபர்_தேவனாம்பட்டினம்:

நான் படகுக்கு ஃபைபர் வேலை செய்கிறவன். சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் ஃபைபர் படகு பெருகியதிலிருந்து இதுதான் தொழில். சார், ஒரு கேள்வி, அந்த டாப்பைப் பழைய ஓனர் எப்படி வைத்திருந்தார்? சுவரில் சாய்த்து வெயிலில் வைத்திருந்தால் ஒரு மூலை முறுக்கிக்கொள்ளும். படகு மூடிகளில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

வெந்நீர் ஊற்றுவது, மேலே மூட்டை ஏற்றுவது எல்லாம் நிற்காது, மறுபடி பழைய வளைவுக்கே போய்விடும். டாப்பின் அடி விளிம்பில் அந்த மூலைக்கு மட்டும் ஃபைபர் கட்டித் தடிமனாக்குங்கள். பாடி விளிம்பில் மெழுகு தடவி, மேலே பிளாஸ்டிக் தாள் ஒட்டி விடுங்கள். டாப்பின் அடியில் பழைய ஜெல்கோட்டை, அதாவது ஃபைபரின் வழவழப்பான மேல்பூச்சை, சொரசொரப்பாகத் தேய்த்து அசிட்டோனால் துடைத்துவிட்டு, ரெசினில் நனைத்த மேட்டை (கண்ணாடி இழை விரிப்பு) அடுக்கடுக்காக வைத்து டாப்பை அதன் மேல் இறக்கிவிட்டால், பாடியின் வடிவத்தை அதுவே எடுத்துக்கொள்ளும். பீடிங்குக்கு இடம் வேண்டுமே, அதற்காகப் பிளாஸ்டிக் தாளுக்கு அடியில் சுற்றிலும் ஒரே கனத்தில் மரப்பட்டி வைக்க மறக்காதீர்கள். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம், ரெசின் இறுகுவதற்காகக் கலக்கிற கேட்டலிஸ்ட் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. மழை ஈரத்தில் ரெசின் மேல்பக்கம் பிசுபிசுவென்றே நிற்கும், ஆகவே புரட்டாசி வெயில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள்.

தை மாதம் கழற்றினால் சுவரில் சாய்க்காதீர்கள். நாலு பழைய டயரைப் போட்டு அதன் மேல் நேராக உட்காரவைத்து நிழலில் விடுங்கள்.

வில்லியனூர்_4x4:

வேலை ஒருபக்கம், ஆர்.சி.யை எடுத்துப் பார்த்தீர்களா? பாடி வகை என்று என்ன போட்டிருக்கிறது? மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவில், கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று இருக்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதியாகச் சொல்லிவிட்டது. அதே வருடம் வந்த திருத்தத்தில் ஒரு மாற்றத்துக்கு 5000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை என்றும் சேர்த்திருக்கிறார்கள். கழற்றி மாட்டுகிற டாப்தானே என்று நாம் நினைக்கலாம், அதிகாரி அப்படி நினைக்க வேண்டுமே. ஜிப்ஸியைக் கம்பெனியே ஹார்டு டாப்பிலும் விற்றது என்பதைச் சொல்லி, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுப் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். 2009 வண்டி என்றால் 15 வருடம் முடிந்து 2024இல் பதிவைப் புதுப்பித்திருப்பீர்கள், அடுத்த ஐந்து வருடத்தில் மறுபடி வண்டியைக் காட்ட வேண்டும். இன்சூரன்சுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், விபத்து ஆன பிறகு சொன்னால் எடுபடாது.

உப்பளம்_வண்டி:

ஃபைபர் அண்ணன் சொன்னதுதான் சரியான வழி. மூலை சரியானதும் எல்லா போல்ட்டையும் விரலால் மட்டும் ஏற்றிவிட்டு, முன்னால் ஒன்று, பின்னால் எதிர்ப்பக்கம் ஒன்று என்று குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒவ்வொரு போல்ட்டுக்கும் அகலமான வாசர், அடியில் ரப்பர் வாசர். நாள் காலண்டர் தாளைக் கிழித்து பீடிங்குக்கு நடுவில் வைத்து இழுத்துப் பாருங்கள். எங்கே லேசாக வழுக்கிக்கொண்டு வருகிறதோ அங்கேதான் ஒழுகும்.

முதுநகர்_ஜிப்ஸி:

பழைய ஓனருக்கு போன் செய்தேன். ரெண்டு வருடம் மாடியில் கைப்பிடிச் சுவரில் சாய்த்துத்தான் வைத்திருந்தாராம், ஃபைபர் அண்ணன் நேரில் பார்த்த மாதிரி சொல்லிவிட்டார். ஆர்.சி.யில் சாஃப்ட் டாப் என்றுதான் இருக்கிறது, திங்கட்கிழமை மனு கொடுக்கிறேன். அந்தப் பதில் கைக்கு வரும்வரை ஓட்டை எதுவும் போடப்போவதில்லை, மூலையை மட்டும் கட்டி வைக்கிறேன். அண்ணா, அந்த மூலைக்கு எத்தனை அடுக்கு மேட் போதும்?

ஃபைபர்_தேவனாம்பட்டினம்:

படத்தைப் பார்க்காமல் எண்ணிக்கை சொல்ல மாட்டேன் சார். இடைவெளி ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு அடுக்கு, மூலைக்குப் போகப் போக ஒவ்வொன்றாகக் கூடிக்கொண்டே போக வேண்டும், திடீரென்று படி மாதிரி நிற்கக்கூடாது. மொத்தத்தையும் ஒரே மூச்சில் கட்டாதீர்கள், சூடேறி வெடிக்கும். மூன்று அடுக்கு கட்டி ஆறவிட்டு அடுத்ததைப் போடுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலை இல்லை, டாப்பைக் கொண்டுவாருங்கள், பார்த்துச் செய்துவிடலாம்.