எரர் வராத தவறுகள்: ஜீனோம் டேட்டாவோடு உங்கள் அனுபவம் என்ன?

உயிர்வேதியியல் படித்துவிட்டு மரபணுத் தரவைக் கணினியில் ஆராயும் பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ் பக்கம் வந்தவள் நான். கமாண்ட்களைப் பார்த்துப் பயந்தது முதல் இரண்டு வாரம்தான். எரர் வந்தால் படித்துத் திருத்திவிடலாம். எரரே வராமல் தப்பான விடை வரும்போது அதைக் கண்டுபிடிக்கப் பழகத்தான் மாதக்கணக்கில் ஆனது.

பழகிப் பார்க்க, பல மக்கள்குழுக்களின் ஜீனோமை (முழு டிஎன்ஏவை) படித்த 1000 ஜீனோம்ஸ் திட்டத்தின் டேட்டாவை எடுத்தேன். 26 மக்கள்குழுக்கள், 2,504 பேர். யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். பிரிட்டனில் வாழும் இலங்கைத் தமிழர்கள் அதில் ஒரு தனிக் குழு, ‘எஸ்டியு’ என்று பெயர். நம் ஆட்கள் என்றதும் அதிலிருந்துதான் ஒரு மாதிரியைத் தேர்ந்தெடுத்தேன். ரீட்களை (கருவி படித்துத் தந்த சின்ன டிஎன்ஏ துண்டுகளை), மனித ஜீனோமின் பொதுப் பதிப்பான ஜிஆர்சிஎச்38 ரெஃபரன்ஸோடு அலைன் செய்து, அதாவது எந்தத் துண்டு எந்த இடத்துக்குரியது என்று பொருத்தி, டிஎன்ஏ எழுத்து வேறுபடும் இடங்களான மாறுபாடுகளை எடுத்தேன். செய்தது சரிதானா என்று பார்க்க, அந்தத் திட்டத்தின் மூன்றாம் கட்ட வீசிஎஃப் கோப்போடு (மாறுபாடுகளின் பட்டியல்) ஒப்பிட்டால் ஒன்றுகூடப் பொருந்தவில்லை.

என் கோப்பில் குரோமோசோம் பெயர் ‘சிஎச்ஆர்2’, அவர்களுடையதில் வெறும் ‘2’. பெயரை மாற்றியதும் கொஞ்சம் பொருந்தியது. இந்தக் ‘கொஞ்சம்’தான் ஆபத்து. பூஜ்யம் வந்தால் சந்தேகம் வரும். கொஞ்சம் பொருந்திவிட்டால், கவரேஜ் (ஓரிடத்தை எத்தனை ரீட்கள் மூடுகின்றன என்பது) போதவில்லை போலிருக்கிறது என்று மனமே ஒரு காரணம் சொல்லிக்கொள்ளும். நானும் அப்படித்தான் விட்டுவிட்டேன்.

அப்புறம், வளர்ந்த பிறகும் பால் செரிப்பதோடு தொடர்புள்ள ஆர்எஸ்4988235 மாறுபாட்டைத் தேடினேன். பழைய கட்டுரையில் இருந்த இட எண், 2ஆம் குரோமோசோமில் 136608646. என் கோப்பில் அங்கே ஒன்றுமில்லை. ‘இவருக்கு இந்த மாறுபாடு இல்லை’ என்று நோட்டில் எழுதியும் விட்டேன்.

ரீட்களைத் திரையில் காட்டும் ஐஜிவி நிரலில் அந்த இடத்தைத் திறந்தபோதுதான் திக்கென்றது. இந்த மாறுபாடு எம்சிஎம்6 மரபணுவின் இன்ட்ரான் (புரதத்துக்கான செய்தி இல்லாத இடைப்பகுதி) ஒன்றுக்குள் இருக்க வேண்டும். திரையில் எம்சிஎம்6-ஐயே காணோம். அந்த எண் 2009இல் வந்த முந்தைய பதிப்பான ஜிஆர்சிஎச்37க்கு உரியது. 2013இல் வந்த 38இல் அதே எழுத்து 135851076இல் இருக்கிறது. 7,57,570 எழுத்துகள் தள்ளிப்போய்த் தேடியிருக்கிறேன்! ஒப்பிட்ட வீசிஎஃப் கோப்பும் 37இல் அமைந்ததுதான்.

சரியான இடத்துக்குப் போய்ப் பார்த்தேன். எல்லா ரீட்களிலும் ரெஃபரன்ஸில் உள்ள ஜி என்ற எழுத்துதான். விடை மாறவில்லை. ஆனாலும் அன்று தூக்கம் வரவில்லை. முதலில் நான் எழுதியது அந்த இடத்தைப் பார்க்காமலே எழுதியது. அது ஒருவருடைய நோயறிக்கையாக இருந்திருந்தால்?

உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

—

அக்கா, எனக்கு ஆர்என்ஏ-சீக்கில் (ஆர்என்ஏவைப் படித்து எந்த மரபணு எவ்வளவு இயங்குகிறது என்று அளப்பது) இதே கதை. ரீட்கள் நன்றாக அலைன் ஆயின. ஆனால் ரீட்களை மரபணுவாரியாக எண்ணும் ஃபீச்சர்கவுன்ட்ஸ் நிரலில் ஓட்டும்போது மரபணுக்களில் சேர்ந்தது மிகச் சொற்பம். மாதிரிதான் கெட்டுவிட்டது என்று நினைத்து, ஆர்என்ஏ எடுத்துத் தந்த தோழியை மறுபடி எடுக்கச் சொன்னேன். பாவம், அவள் மூன்று வாரம் அதில் உட்கார்ந்தாள். புது டேட்டாவிலும் அதேதான்.

அதில் ‘எஸ்’ என்ற ஆப்ஷனுக்கு 0, 1, 2 என்று மூன்று மதிப்பு உண்டு, லைப்ரரி (படிக்கத் தயாராக்கிய துண்டுகளின் தொகுப்பு) டிஎன்ஏவின் எந்த இழையிலிருந்து படிக்கப்பட்டது என்று சொல்ல. எங்கள் லைப்ரரி, எந்த இழை என்ற தகவலைக் காக்கும் டியூடிபி முறையில் செய்தது, அதற்கு 2 தர வேண்டும். நான் 1 கொடுத்திருந்தேன். அதனால் ஒவ்வொரு ரீடையும் எதிர் இழையில் தேடியிருக்கிறது. நிரல் ஒரு வார்த்தை எச்சரிக்கவில்லை, அதன் பார்வையில் அது தவறே இல்லை.

தோழியிடம் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். இப்போதெல்லாம் லைப்ரரி எந்த கிட்டில் செய்தது என்று முதலிலேயே கேட்டுவிடுகிறேன். ஒரு லட்சம் ரீட்களை மட்டும் எடுத்து மூன்று மதிப்பிலும் ஓட்டிப் பார்த்த பிறகுதான் முழு டேட்டாவையும் ஓட்டுகிறேன்.

—

என்னுடையது ஒரே ஒரு எழுத்து தள்ளிப்போன தவறு. வீசிஎஃப் 1இலிருந்து எண்ணும், ஜீனோம் இடங்களின் பட்டியலான பெட் கோப்பு 0இலிருந்து எண்ணும். நீங்கள் சொன்ன அதே இடத்தை பெட்டில் தொடக்கம் 135851075, முடிவு 135851076 என்று எழுத வேண்டும். இது தெரியாமல் நான் ஒரு பட்டியல் முழுக்கப் பக்கத்து எழுத்தையே எடுத்துக்கொண்டிருந்தேன். இப்போது எந்தப் பட்டியல் கைக்கு வந்தாலும், முதல் ஐந்து இடங்களை சாம்டூல்ஸ் நிரலில் கொடுத்து, ரெஃபரன்ஸில் அங்கே என்ன எழுத்து இருக்கிறது என்று கேட்டுவிடுகிறேன். ஐந்தும் பொருந்தினால்தான் அடுத்த கமாண்ட்.