ஒய்2கே வெறும் பூச்சாண்டிதானா?

சந்தேகி:
ஆண்டை இரண்டே இலக்கத்தில் வைத்திருந்த கம்ப்யூட்டர்கள் 2000-ஐ 1900 என்று எடுத்துக் குழம்பும் என்பதுதான் ஒய்2கே பயம். ஆனால் 2000 ஜனவரி 1 அன்று விமானம் எதுவும் விழவில்லை, கரண்டும் போகவில்லை. மெத்தனமாக இருந்த இத்தாலிக்கும் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. முன்கூட்டியே புரோகிராம்களைத் திருத்தியதால்தான் தப்பித்தோம் என்பதற்கு ஆதாரம் உண்டா?

மெயின்ஃபிரேம்வாசி:
விமானம் விழும் என்றது டிவிக்காரர்கள். ஆபத்து கணக்கு வழக்கில்தான் இருந்தது. மெயின்ஃபிரேம் எனும் பெரிய கம்ப்யூட்டர்களில் ஓடிய கோபோல் (COBOL) மொழியில் ஆண்டுக்கு 'பிக் 99', அதாவது இரண்டே இலக்கம். 1998-ல் போட்ட டெபாசிட் 2001-ல் முதிர்கிறது. 01-ல் 98 போனால் மைனஸ் 97. விடை போய் விழும் ஃபீல்டுக்கு, குறியையும் சேர்த்து வைக்கச் சொல்லும் 'எஸ்' போடாமல் விட்டிருந்தால் மைனஸ் குறியும் உதிர்ந்துவிடும், 97 வருஷ வட்டி ஏறும். புரோகிராம் நிற்காது, எரரும் வராது. பழைய ரெக்கார்டை அழிக்கும் ஜாப் இன்னும் மோசம்: 00 என்பது 99-க்கு முன்னால் வரிசையாகும், புத்தம்புது ரெக்கார்டைத்தான் முதலில் தூக்கும்.

ஆதாரம் கேட்டீர்கள். இங்கிலாந்தில் ஷெஃபீல்டில் டவுன் சிண்ட்ரோம் ஆபத்தைக் கணிக்கும் மென்பொருள் தாயின் வயதைத் தப்பாகப் போட்டு, 150-க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளுக்குத் தவறான முடிவு தந்தது. 2000 மே மாதம்தான் தெரியவந்தது. நள்ளிரவில் வெடிக்கும் என்று காத்திருந்தவர்கள் கண்ணில் இது எப்படிப் படும்?

சிப்புக்காரன்:
பிசியில் பிரச்சினை சின்னதுதான். கடிகாரச் சிப் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கத்தை மட்டும் நகர்த்தும். நூற்றாண்டு பைட்டை, அதாவது முதல் இரண்டு இலக்கத்தை, பயாஸ்தான் (மெஷினைப் போட்டதும் முதலில் ஓடும் புரோகிராம்) மாற்ற வேண்டும். சோதனை சுலபம்: தேதியை 31-12-1999, நேரத்தை 23:58 என்று வைத்து மெஷினை அணைத்து, ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள். 1980 என்று காட்டினால் பயாஸ் அவுட். டாஸில் (அந்தக்கால பிசி இயங்குதளம்) தேதியைக் கையால் ஒருமுறை திருத்தினாலே பல போர்டுகள் அதன்பின் ஒழுங்காக ஓடும். 29-02-2000-ஐயும் போட்டுப் பார்க்க வேண்டும்: 100-ஆல் வகுபட்டால் லீப் இல்லை என்பதோடு நிறுத்தி, 400-ஆல் வகுபட்டால் லீப்தான் என்ற விதியை மறந்த புரோகிராம்கள் இருந்தன.

சந்தேகி:
சரி, இத்தாலி?

மெயின்ஃபிரேம்வாசி:
ஐபிஎம், மைக்ரோசாஃப்ட் கொடுத்த பேட்ச் (பிழை திருத்தம்) எல்லா நாட்டுக்கும் ஒன்றுதானே! அடுத்தவர் செலவில் கிடைத்த நிம்மதி அது. செலவழித்தவர்களும் எல்லாவற்றையும் நாலு இலக்கமாக்கவில்லை. இரண்டு இலக்க ஆண்டு 00 முதல் 49 வரை இருந்தால் 20, மற்றதற்கு 19 என்பதுபோல் முன்னால் ஒட்டியவர்கள் பலர். அது தள்ளிப்போட்ட வேலை.

டேட்டாபேஸ்தாசன்:
அடுத்தது 2038 ஜனவரி 19, இந்திய நேரம் காலை 8:44:07. அதோடு, 1970 தொடக்கத்திலிருந்து நொடிகளை எண்ணும் 32 பிட் யூனிக்ஸ் நேரம் தீர்ந்துவிடும். மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில், அந்த எல்லைக்குள் மட்டுமே தேதி வைக்கும் 'டைம்ஸ்டாம்ப்' வகை நெடுவரிசையில் 20 வருஷ வீட்டுக்கடனின் கடைசித் தவணைத் தேதியைப் போடுங்கள்: தப்பான மதிப்பை ஏற்காத ஸ்ட்ரிக்ட் மோடில் இன்றைக்கே எரர் வரும், இல்லாவிட்டால் சத்தமில்லாமல் 0000-00-00 உட்காரும். 'டேட்டைம்' ஆக மாற்றிவிடுங்கள்.